பதில் சொல்கிறவர்களின் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து அந்த வீடியோவை ரெண்டு நாளாக ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் "அப்புறம் வாங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒரு அம்மா கதவைச் சாத்துகிறார். "நம்ம மாவட்டம் ஏன் முன்னேறவில்லை என்று இப்போது தெரிகிறதா" என்று அதற்கு ஒரு தலைப்பு. கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்களில் எனக்கு வேண்டியவர்களும் இருக்கிறீர்கள், அதுதான் வலிக்கிறது.

அந்த அம்மாவின் நேரத்துக்கு விலை உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்த விலையை யாராவது கணக்குப் போட வேண்டும்.

ஒரு கணக்கெடுப்பு என்றால் பெயர், வயது, ரேஷன் கார்டு என்று பத்து நிமிடத்தில் முடிகிற காரியம் என்று நினைக்கிறீர்கள். 2022-23இல் மத்திய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் 400க்கும் மேற்பட்ட பொருட்களைப் பற்றிக் கேட்டார்கள். அரிசி எவ்வளவு, அதில் ரேஷனில் வாங்கியது எவ்வளவு, கடையில் வாங்கியது எவ்வளவு, எண்ணெய், சோப்பு, பஸ் செலவு, மருந்து, துணி, கட்டில். கேள்விகளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் மூன்று தடவை போனார்கள். நாடு முழுவதும் 2,61,746 வீடுகள். ஒரு வீட்டின் நேரத்தை இதோடு பெருக்கிப் பாருங்கள்.

என் சித்தி காரிமங்கலம் பக்கம். புளி சீசனில் ஓடு தட்டி, கொட்டை எடுக்கும் வேலை. கிலோ கணக்கில்தான் கூலி. கை நின்றால் கூலியும் நின்றது. ஒருமுறை வேறு ஏதோ கணக்கெடுப்பு என்று வந்து, காலையில் உட்கார வைத்தவர்கள் வெயில் ஏறும்வரை விடவில்லை. போன வருடம் வாங்கிய துணி என்ன விலை, வீட்டுக்காரர் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன நாட்கள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சித்தி பொறுமையாகச் சொன்னார். வந்தவருக்கு மோரும் கொடுத்தார். அன்றைய கூலி போனதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது நானாகக் கிளப்பும் புதுப் பிரச்சினை இல்லை. நார்மன் பிராட்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978லேயே பதில் சொல்பவர்மேல் விழும் இந்தச் சுமையை நான்காகப் பிரித்துச் சொன்னார்: எவ்வளவு நேரம், எவ்வளவு சிரமம், எவ்வளவு மன அழுத்தம், எத்தனை தடவை. அமெரிக்காவில் 1980இல் போட்ட சட்டப்படி, ஒரு அரசுப் படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர்களுடைய 'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்ற குடும்பக் கணக்கெடுப்பின் படிவத்தில் சராசரியாக 40 நிமிடம் என்று போடுகிறார்கள். புள்ளிவிவரம் எடுக்கும்போது பதில் சொல்பவரின் சுமையையும் பார்க்க வேண்டும் என்பது ஐ.நா.வின் அடிப்படைக் கொள்கைகளிலும் இருக்கிறது. 2016இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

"நம்ம படிவத்திலும் நேரம் எழுதுகிறார்களே" என்று விவரம் தெரிந்த ஒருவர் வருவார். ஆமாம், தேசிய மாதிரி ஆய்வு என்று மத்திய அரசு எடுக்கும் கணக்கெடுப்புகளின் படிவங்களில் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. அது கேள்வி கேட்ட நேரம். காத்திருந்த நேரம், விட்டுப்போன கூலி, அழுத குழந்தை, அடுப்பில் கருகிய குழம்பு இதெல்லாம் எந்தக் கட்டத்தில் வரும்?

பயம் எந்தக் கட்டத்தில் வரும்? வண்டி இருக்கிறதா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டதுமே மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் நின்றுபோகுமோ என்றுதான் எங்கள் பெண்களுக்கு முதலில் தோன்றும். புள்ளிவிவரச் சட்டப்படி அந்தத் தகவலை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அதை வாசலில் நின்று புரியும்படி சொல்ல ஆள் வேண்டாமா?

புள்ளிவிவரம் தேவைதான், மறுக்கவில்லை. விலைவாசிக் குறியீடே இந்தச் செலவுக் கணக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிற ஒப்பந்தப் பணியாளர் பாவம்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆனால் "இலவச அரிசி வாங்குகிறார்களே, ஒரு மணி நேரம் பதில் சொன்னால் என்ன குறைந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரிசி வாங்குகிறவளின் பகல் யாருக்கோ பாத்தியப்பட்டதா? உங்கள் அலுவலகத்தில் வந்து ஒருவர் போன வருடத் துணிக்கணக்கைக் கேட்டால் எத்தனை நிமிடம் உட்காருவீர்கள்? வாசலோடு அனுப்பிவிடுவீர்கள். அதற்குப் பெயர் பிஸி. எங்கள் அம்மாக்கள் அதையே செய்தால் அறியாமை.

2022-23இல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய் என்று அந்த ஆய்வு சொன்னது. எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, மேடையில் பேசினார்கள். அப்படி உட்கார்ந்து பதில் சொன்ன குடும்பங்கள் கொடுத்த எண் அது. அவர்களைத் தேடிப் போய் "நீங்கள் சொன்னதில் வந்தது இது" என்று யார் சொல்லப் போகிறார்கள்?

இனி வருகிறவர்கள் எத்தனை தடவை வருவோம், எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லட்டும். எங்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டு வரட்டும். வேலை நாளில்தான் உட்கார வைப்பார்கள் என்றால் அந்த நேரத்துக் கூலியைக் கையில் கொடுக்கட்டும்.