மாத்திரை வேறு, பேட்ச் வேறு

மெனோபாஸுக்கு ஹார்மோன் எடுத்தாலே ரத்தம் உறையும் என்று கட்டுரையில் ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். 2002இல் எல்லோரையும் பயமுறுத்திய அமெரிக்க ஆய்வு மாத்திரை சாப்பிட்டவர்களைப் பற்றியது. தோலில் ஒட்டும் பேட்ச்சில் உள்ள ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தோல் வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது, முதலில் கல்லீரலுக்குப் போவதில்லை. அதனால் ரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

நான் வாரம் இருமுறை, இடுப்புக்குக் கீழே, இடம் மாற்றி மாற்றி ஒட்டுகிறேன். மார்பில் ஒட்டவே கூடாது. எண்ணெய்க் குளியல் அன்று பிய்ந்துகொண்டு வருவது தனிக்கதை!

நீங்கள் விட்டுவிட்டது ஒன்று: கர்ப்பப்பை இருப்பவர்கள் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்து, புற்றுநோய் வரை போகலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் பேட்ச் பக்கமே போகாதீர்கள்.