"உங்க சாமிக்கு என்ன புக், அண்ணே?"

அறையில் என்னோடு தங்கியிருக்கும் கீழக்கரைத் தம்பி போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான். வம்புக்கெல்லாம் கேட்கவில்லை. சின்ன வயதிலேயே ஓத ஆரம்பித்துக் குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவன். துணி சுற்றிய அவனுடைய குர்ஆன் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அதன்மேல் ஒரு சீப்பைக்கூட வைக்கமாட்டான், மற்றவர்களையும் வைக்க விடமாட்டான். புத்தகம் இல்லாமல் ஒரு சாமி இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றியிருக்காது.

நான் பட்டென்று "பகவத் கீதை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் கீதை இருந்ததே இல்லை. கூடத்துச் சுவரில் ஒரு நகைக்கடைக் காலண்டரில் 'எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது' என்று கீதாசாரம் தொங்கும், அவ்வளவுதான். அந்த வரிகள் எந்தச் சுலோகத்தின் மொழிபெயர்ப்பும் இல்லை என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

எங்கள் சாமி கருப்பு. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பிடம் பிடிமண் எடுத்துவந்து எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் வைத்துக் கும்பிடுகிறோம். அழகர்கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கருப்புக்குச் சிலை கிடையாது. கோபுர வாசலின் பெரிய கதவுதான் கருப்பு. வருடத்தில் பெரும்பாலான நாள் சாத்தியே கிடக்கும், அதில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கும், பக்கத்தில் ஆளுயர அரிவாள்கள். கோயிலுக்குள்ளே இருக்கும் அழகரோ ஆழ்வார்கள் பாடிய பெருமாள், அவர் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, அவருக்குப் பாசுரம் உண்டு, பட்டர் உண்டு, எல்லாம் எழுத்தில் உண்டு. அந்த அழகர் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குக் கிளம்பும்போது போட்டுக்கொண்டு போகிற நகைப் பட்டியலைக் கருப்பு முன்னால்தான் படித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள். ஏடறிந்த சாமியின் நகைக்கு ஏடறியாத சாமி காவல், இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ தெரியாது, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தக் கதவுக்கு முன்னால் நான் பார்த்த ஒன்றைச் சொன்னால்தான் என் பேச்சு புரியும். அப்பாவுக்கும் பங்காளி ஒருவருக்கும் முக்கால் ஏக்கர் நிலத் தகராறு. தாத்தா வாய்மொழியாக அதைத் தனக்கு விற்றுவிட்டதாக அவர் சொன்னார், இல்லை என்று அப்பா சொன்னார். வழக்கு கோர்ட்டுக்குப் போய் வாய்தா வாய்தாவாக ஓடியது. பங்காளி கூண்டில் ஏறிக் கடவுள் பெயரால் ஆணையிட்டுவிட்டு, ஒரு திணறல் இல்லாமல் சாட்சி சொன்னார். (சினிமாவில் காட்டுவது போலக் கீதையெல்லாம் நீட்டவில்லை. 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் தரும் வாசகத்தில் எந்த மத நூலின் பெயரும் கிடையாது, கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது கடவுள் இல்லாமலே உளமார உறுதி சொல்லலாம்.) கடைசியில் ஊர்ப் பெரியவர்கள், "ரெண்டு பேரும் படிக்கு வாங்கப்பா, சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு எடுத்துக்கங்க" என்றார்கள்.

போனோம். படியில் சூடம் ஏற்றினார்கள். கோர்ட்டில் அத்தனை தெளிவாகப் பேசிய மனிதருக்குக் கை எழவே இல்லை. வேர்த்துக் கொட்டியது, தண்ணீர் கேட்டார். சரி, மாட்டிக்கொண்டார் என்று நான் நினைத்தேன், பத்தாம் வகுப்புப் பையன் வேறு எப்படி நினைப்பான். அப்போது அப்பாவே, "நானும் அணைக்கமாட்டேன்" என்றார். உண்மையைச் சொல்கிறவனாகவே இருந்தாலும் கருப்பு முன்னால் சத்தியம் செய்வது பாரம், அது பிள்ளைகள் தலையில் இறங்கும் என்பது அவர் பயம். சூடம் தானாக எரிந்து அணைந்தது. படியிலேயே உட்கார்ந்து, ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்துவிட்டு வந்தோம்.

இரண்டு பேருமே ஒரு வரி சாஸ்திரம் படித்ததில்லை. வேதம் நான்கு என்று தெரியும், பெயர் கேட்டால் இரண்டோடு நின்றுவிடுவார்கள். இவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அவன் மார்க்கத்தில் அல்லாஹ்வை நம்புவது போல, வானவர்கள், வேதங்கள், தூதர்கள், இறுதி நாள், விதி எல்லாவற்றையும் நம்புவது ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், சேர்த்தி. வேதத்தை விட்டுவிட்டு இறைவனை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றால் அங்கே அது பாதி நம்பிக்கை என்றுகூட ஆகாது. அதை நான் குறை சொல்லவில்லை. அந்த வீடு அப்படிக் கட்டப்பட்டது. ஆனால் எல்லா வீட்டுக்கும் அதே தூண் இருக்கவேண்டும் என்று நினைப்பதில்தான் சிக்கல். கொஞ்ச நாளாக நம் ஆட்களே அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதுதான் இந்தப் பதிவு எழுதக் காரணம்.

'வேதத்தை நம்பாதவன் எப்படி இந்து' என்று கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு வேதச் சடங்குகளை ஆராயும் தத்துவமான மீமாம்சையைத் தெரியும்? ஜைமினி வழி வந்த பழைய மீமாம்சகர்களுக்கு வேதம்தான் எல்லாம், அதை யாரும் எழுதவில்லை, அது என்றைக்கும் உள்ளது. யாகம் செய்தால் பலன் தானாக வரும், இடையில் படைத்தவன் என்று ஒருவன் தேவையே இல்லை. அவர்களில் ஒருவரான குமாரிலர், உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவன் உண்டு என்பதை மறுத்தே வாதாடியிருக்கிறார். அவர்களெல்லாம் ஆஸ்திகர்கள்! மனு நாஸ்திகன் என்று சொல்வது வேதத்தை நிந்திப்பவனைத்தான், கடவுளை மறுப்பவன் என்று அந்த இடத்தில் பேச்சே இல்லை. ஆக நூலை முழுசாக நம்பிக் கடவுளைக் கழற்றிவிட்டவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே இங்கே மரியாதையாக இருந்திருக்கிறார்கள். அது முடியுமென்றால் நூலைக் கழற்றிவிட்டுக் கடவுளை வைத்துக்கொள்வது மட்டும் எப்படி முடியாமல் போகும்?

வள்ளலாரைப் பாருங்கள். 1865இல் அவர் தொடங்கியது 'சமரச வேத சன்மார்க்க சங்கம்'. 1872இல் பெயரை மாற்றுகிறார், 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்'. 'வேத' இருந்த இடத்தில் 'சுத்த' வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருடம் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசும்போது வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் மனதை வைக்கவேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறார். தான் முன்பு சைவ சமயத்தில் வைத்திருந்த பற்றுக்கு அளவே இல்லை என்றும் அதே பேச்சில் ஒப்புக்கொள்கிறார். இவருக்கா கடவுள் நம்பிக்கை குறைவு? அருட்பெருஞ்ஜோதி என்று உருகிக்கொண்டே இருந்தவர். 1867இல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. ஆனால் ஒரு வேடிக்கை, எந்த நூலும் வேண்டாம் என்றவரின் பாடல்களையே இன்று சிலர் வேதம் மாதிரித் தலையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துச் சண்டை போடுகிறார்கள்.

"சரிண்ணே, புக் இல்லன்னா சாமி என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. புத்தகம் இருந்தால் மட்டும் தெரிந்துவிடுகிறதா என்று திருப்பிக் கேட்டேன். வேதாந்தத்துக்கு மூல நூலான ஒரே பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் ஓர் உரை, ராமானுஜர் ஓர் உரை, மத்வர் ஓர் உரை, மூன்றும் மூன்று பக்கம் போகின்றன. காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் வைணவத்தின் இரண்டு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் யார் முன்னால் நின்று எதை ஓதுவது என்று நூறு வருடத்துக்கு மேலாக வழக்கு. கோயில் யானைக்கு எந்த நாமம் என்று சண்டை போட்டதும் ஊரறிந்த கதை.

அவன் விடவில்லை. "அதுல சண்டை போடவாவது ஒண்ணு இருக்குல்ல?"

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியவில்லை. ஏனென்றால் எங்கள் கருப்பு கோயிலில் சாமியாடி சொல்வதுதான் வேதம். மாசிக் களரித் திருவிழாவில் அவர்மேல் சாமி இறங்கிவிட்டால் யாருக்கு முதல் விபூதி, யாரை ஒதுக்கி வைப்பது எல்லாம் அவர் வாயில்தான். ராத்திரிப் பூசைக்குப் பொம்பளைகள் வரக்கூடாது, வெட்டிய கிடாய்க் கறியில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. ஏன் என்று என் தங்கை கேட்டாள். "அது வழக்கம்." யார் வைத்த வழக்கம்? "வழக்கம்னா வழக்கம்தான்." ஒரு புத்தகம் இருந்தால் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றாவது கேட்டிருப்பாள். எழுதாத சட்டத்தை எந்தப் பக்கத்தைத் திறந்து எதிர்ப்பது?

அய்யாவழிக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். திருவிதாங்கூரில் கோயிலுக்குள் விடாமல் நிறுத்தி வைக்கப்பட்ட மக்கள், அவர்கள் வழிபடும் அய்யா வைகுண்டர் காலத்தில், 1841இல் அகிலத்திரட்டு என்று தங்களுக்கே ஒரு நூலை எழுதிக்கொண்டார்கள். மற்றவன் புத்தகத்தில் தனக்கு இடமில்லை என்றபோது அவர்களுக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. அதனால் நூல்களே வேண்டாம் என்று நான் பேசவரவில்லை. நம்பிக்கைக்கு நுழைவுச்சீட்டாக அதைக் கேட்பதுதான் எனக்கு ஆகவில்லை.

இப்போது நடப்பதோ வேறு. போன வருடம் எங்கள் கண்மாய்க்கரைக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்தார்கள். கருப்புக்குக் கும்பாபிஷேகம்! யாகசாலை, சமஸ்கிருத மந்திரம், பக்கத்துச் சிவன் கோயில் ஐயர். சுருட்டும் சாராயமும் படைத்த இடத்தில் சர்க்கரைப் பொங்கல். 2003இல் 1950ஆம் வருடத்துச் சட்டத்தைத் தூசி தட்டிக் கோயிலில் ஆடு கோழி வெட்டக்கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்டபோது முறைத்துக்கொண்டு நின்ற ஊர் இது, 2004இல் அந்தச் சட்டமே போய்விட்டது. அப்போது அரசாங்கத்துக்கு மசியாதவர்கள் இப்போது யாரும் கேட்காமலே மாறிக்கொள்கிறார்கள். தல வரலாறு என்று பளபளப்பான தாளில் 24 பக்கப் புத்தகமும் போட்டிருந்தார்கள். கருப்பு சிவனுடைய அம்சமாம், இன்ன புராணத்தில் வருகிறதாம். அத்தியாய எண் மட்டும் போடவில்லை.

அதைப் பெரியப்பா மகன் பெருமையாக அப்பா கையில் கொடுத்தான். அப்பா அட்டையைப் பார்த்தார், புரட்டினார், "நல்லாருக்குப்பா" என்றார். அடுத்த வாரம் நான் ஊரிலிருந்து கிளம்பும்போது விபூதி மடித்துத் தரத் தாள் தேடியவர், கைக்கு அகப்பட்ட அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சர்ரென்று கிழித்து மடித்துக் கொடுத்தார்.

அந்தப் பொட்டலம்தான் இந்தப் பேச்சுக்கு நடுவில் பேண்ட் பையிலிருந்து கீழே விழுந்தது. காலியாகிவிட்டது, குப்பையில் போடலாம் என்று குனிந்தேன். தம்பி அதற்குள் எடுத்துவிட்டான். பிரித்துப் பார்த்து, தூசியைத் தட்டி, என் கையில் வைத்தான்.

"எழுத்து இருக்குண்ணே. கீழ போடாதீங்க."