அடுத்த பொதுத் தேர்தல் 2030 மே 3-ஆ? இல்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இந்த வாரம் மூன்று முறை வந்துவிட்டது: "சிங்கப்பூரில் சரியாக 5 வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல், அடுத்தது 2030 மே 3, அன்றைக்கே அதிபர் தேர்தலும்." இதில் எதுவுமே சரியில்லை.

அரசமைப்புச் சட்டப்படி 5 ஆண்டு என்பது உச்ச வரம்புதான், அதுவும் வாக்களித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, புதிய நாடாளுமன்றம் முதன்முதலில் கூடும் நாளிலிருந்து எண்ணுவார்கள். அதற்கு முன்பே பிரதமர் ஆலோசனை சொன்னால் அதிபர் கலைக்கலாம், கலைத்த 3 மாதத்துக்குள் பொதுத் தேர்தல் நடக்க வேண்டும். இப்போதைய நாடாளுமன்றம் கூடியது 2025 செப்டம்பர் 5. அப்படியானால் கடைசிக் கெடு 2030 டிசம்பர் தொடக்கம் வரை போகும், முன்னாடியே வந்தாலும் வரும்.

பழைய தேதிகளைப் பாருங்கள். 1988 செப்டம்பர் 3-க்கு அப்புறம் 1991 ஆகஸ்ட் 31, மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அங்கிருந்து அடுத்தது 1997 ஜனவரி 2, ஐந்து வருஷத்தைத் தாண்டிவிட்டது! இரண்டுமே சட்டப்படி நடந்தவைதான்.

சரி, அதிபர் தேர்தல்? அது தனிக் கணக்கு, பதவிக்காலம் 6 ஆண்டு. திரு. தர்மன் சண்முகரத்னம் பதவியேற்றது 2023 செப்டம்பர் 14, அந்தத் தவணை 2029-இல் முடிகிறது.

இந்தத் தேதியை நம்பி ஊருக்குப் போக டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இங்கே வாக்களிப்பது கட்டாயம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.