பட்டம் வாங்காத வானியலாளர்

நேற்று மாலை மொட்டை மாடியில் பைனாகுலரோடு நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் விழும் ஓரத்தில் மாரே கிரிசியம் என்று ஒரு கருந்திட்டு, முட்டை வடிவத்தில். போன மாதம் பார்த்தபோது விளிம்பை ஒட்டிக் கிடந்தது. நேற்று சற்று உள்ளே தள்ளி வந்திருந்தது. நிலவு நமக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று படித்திருப்போம். ஆனால் அது லேசாகத் தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. பொறுமையாக மாதக்கணக்கில் பார்த்தால் அதன் பரப்பில் 59 சதவீதம் வரை கண்ணில் பட்டுவிடும்.

அந்த விளிம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பேட்ரிக் மூர் நினைவுதான். இங்கிலாந்துக்காரர். இதயக் கோளாறால் சிறுவயதில் பெரும்பாலும் வீட்டிலேயே படித்தவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. 11 வயதில் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தில் உறுப்பினர் ஆகிவிட்டார். அப்புறம் தோட்டத்தில் 12.5 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, நிலவு தலையாட்டும்போது எட்டிப்பார்க்கும் அந்த ஓரங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்தார். 1959-இல் சோவியத்தின் லூனா 3 விண்கலம் நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாகப் படமெடுத்தது. அந்த மங்கலான படங்களை ஏற்கெனவே தெரிந்த பகுதியோடு பொருத்திப் பார்க்க சோவியத் விஞ்ஞானிகளுக்கு உதவியவற்றில் இவருடைய வரைபடங்களும் உண்டு.

1957 ஏப்ரல் 24 அன்று பிபிசியில் 'தி ஸ்கை அட் நைட்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். மாதம் ஒருமுறை. 2012 டிசம்பரில் 89 வயதில் இறக்கும்வரை அவர்தான் தொகுப்பாளர். 2004-இல் உணவு நஞ்சானதால் ஒரே ஒரு முறை வர முடியவில்லை. ஒரு கண்ணில் ஒற்றைக் கண்ணாடி, மூச்சுவிடாத வேகப் பேச்சு. பார்க்கிறவர்கள் அவரை நம்பினார்கள். ஏன் என்றால், அவர் சொன்ன வானம் அவரே குளிரில் நின்று பார்த்த வானம். இன்றைய அறிவியல் நிகழ்ச்சிகளில் வரைகலையும் பின்னணி இசையும் பிரமாதமாக இருக்கின்றன. எனக்கு அவற்றில் இந்த ஒன்றுதான் கிடைப்பதில்லை.

அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது கடிதங்கள். 1908-ஆம் ஆண்டு உட்ஸ்டாக் தட்டச்சுப் பொறி ஒன்று வைத்திருந்தார். வானத்தைப் பற்றிக் கேட்டு எழுதும் பிள்ளைகளுக்கு அதில் தானே தட்டிப் பதில் போடுவார். குயின் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே சிறுவயதில் இவர் நிகழ்ச்சியைப் பார்த்து வானியல்மேல் ஆசை கொண்டவர். இசைக்காகப் பாதியில் விட்ட ஆய்வை முடித்து 2007-இல் முனைவர் பட்டமே வாங்கினார்.

பெண்களைப் பற்றியும் குடியேறியவர்களைப் பற்றியும் மூர் சொன்ன கருத்துகள் தவறானவை. அவரை எவ்வளவு பிடித்தாலும் அவற்றுக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிலவு வரைபடங்களும் கடிதங்களும் உண்மையான உழைப்பு. 2001-இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது சரியான முடிவு.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அடுத்த வளர்பிறையில் பைனாகுலரைக் கையில் கொடுங்கள். அந்தக் கருந்திட்டு விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள், தேதி போட்டு. மறு மாதம் அதே தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வாருங்கள்.