முந்நூறு மரம் நடந்தவரைக் கட்டிலில் படுக்க வைத்தோம்

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாக ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டி வருவார். வெயில் ஏறிய பிறகு அதே முந்நூறு மரத்தின் சிரட்டைகளிலிருந்து பால் எடுக்க மறுபடியும் நடப்பார். பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடிந்து, திருவனந்தபுரத்திலிருந்து அவர் வீடு திரும்பிய அன்று, சொந்தக்காரர்கள் கூடிச் செய்த முதல் காரியம், கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப்போட்டு அவரைப் படுக்க வைத்ததுதான். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மதினி அதட்டினார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டில் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு மாதம் சும்மா இருந்தேன் என்ற வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வு என்பது நம் ஊரில் அன்பின் வடிவம். நோயாளியை நடக்க விட்டால், கவனிக்க ஆளில்லாத வீடு என்று அக்கம்பக்கம் பேசும். ஆனால் படுக்கை உடலை என்ன செய்கிறது என்பது அளந்து பார்க்கப்பட்ட விஷயம். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து, அவர்கள் உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று சோதித்தார்கள். அந்தத் திறன் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை, அவர்களுடைய ஐம்பதாவது வயதில், மறுபடியும் சோதித்தபோது தெரிந்த உண்மை இன்னும் கடுமையானது: முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்.

எடையின்மையில் மனித உடல் என்னவாகும் என்பதைத் தரையிலேயே அறிய, தலைப்பக்கம் ஆறு பாகை தாழ்ந்திருக்கும் கட்டிலில் தன்னார்வலர்களை வாரக்கணக்கில் படுக்க வைப்பது விண்வெளி மருத்துவத்தில் வழக்கமான முறை. விண்வெளி நிலையத்தில் உரிய பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும். அதனால்தான் அங்கே இருப்பவர்களின் நாளில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உடற்பயிற்சிக்கென்றே ஒதுக்கப்படுகிறது. 2025 ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து திரும்பி வந்து, பிறர் தாங்கப் புதிதாக நடை பழகுவதுபோல் அடியெடுத்து வைத்ததை எல்லோரும் பார்த்தோம். அவர் மேலே இருந்தது மூன்று வாரம்கூட இல்லை. எங்கள் அண்ணன் கட்டிலில் கிடந்தது நான்கு மாதம்.

இனி புற்றுநோய்க்கு வருகிறேன். 2025இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. 2009இல் தொடங்கி, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வு அது; பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடிந்த 889 பேரை, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்து நடத்தியது. ஒரு குழுவுக்கு மூன்று ஆண்டு திட்டமிட்ட உடற்பயிற்சி. மறு குழுவுக்கு உடல்நலம் பற்றிய கையேடுகள் மட்டும். ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9 சதவீதம். எட்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 90.3, 83.2 சதவீதம். ஒரு புதிய மருந்து இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால், அதன் விலை எத்தனை லட்சம் என்று நாம் இப்போது விவாதித்துக்கொண்டிருப்போம்.

செய்தித்தாள்கள் இதை ‘நடந்தால் புற்றுநோய் வராது’ என்கிற அளவுக்குச் சுருக்கிவிட்டன. அது தவறு. முதலில், இது பெருங்குடல் புற்றுநோய்க்கு, அதுவும் சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கிடைத்த முடிவு. எலும்புக்குப் பரவியவர்களும் ரத்த அணுக்கள் குறைந்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. பயிற்சிக் குழுவில் தசை, மூட்டுத் தொல்லைகளும் கூடுதலாகவே இருந்தன; 18.5 சதவீதம் பேருக்கு, மறுபக்கம் 11.5. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. கையேடு வாங்கியவர்களுக்கும் நடப்பது நல்லது என்று தெரியும். பயிற்சிக் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, மூன்று ஆண்டு விடாமல் தொடர்ந்து வந்து, இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள், முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்ட ஒரு பயிற்சியாளர்.

அண்ணனுக்குக் கிடைத்ததும் கையேட்டுக் குழுவின் வைத்தியம்தான். சிகிச்சை தந்த மருத்துவமனையில் எல்லோரும் அன்பானவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரைச் சீட்டில் எதை எத்தனை வேளை என்று எழுதிய கை, நடையைப் பற்றி ‘கொஞ்சம் நடக்கலாம்’ என்று வாயால் சொன்னதோடு நின்றுவிட்டது. எவ்வளவு கொஞ்சம்? அந்த ஆய்வுக்கு ஓர் அளவு இருந்தது: சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒன்று என்றால் விறுவிறுப்பான நடைக்கு ஏறத்தாழ நான்கு, வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம், ஏற்கெனவே நடப்பதற்கு மேல் அவ்வளவு.

ஆளைக் கொண்டு செய்யும் வைத்தியத்துக்கு நாம் கனடா வரை போக வேண்டியதுமில்லை. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில், 35 வயதைத் தாண்டியவர்களின் வாயை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் வெளிச்சத்தில் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வந்தது. கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் ஒரு மணி நேரப் பயணத்தில் நடந்த வேலை. நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே திருவனந்தபுரத்தில், தும்பாவில் இருக்கும் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய ‘சேஸ்ட்’ கருவி, சந்திரயான் 3இல் போய், பத்து வெப்ப உணரிகளோடு நிலவின் மண்ணில் இறங்கி, மேற்பரப்புக்கும் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கும் இடையே ஐம்பது டிகிரிக்கு மேல் வேறுபாடு இருப்பதைக் காட்டியது. அன்று வகுப்பில் மிட்டாய் கொடுத்தவன் நான். நிலவின் மண்ணைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கத் தெரிந்த நாட்டில், கீமோ முடிந்தவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பதற்குத் தேவையானது முப்பது மீட்டர் நடைவழியும் ஒரு கடிகாரமும்தான். ஆறு நிமிடம் நடக்க விட்டு, கடந்த தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். சிகிச்சை முடிந்த புற்றுநோயாளியின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, மாதம் ஒருமுறை நடைத் தூரத்தைக் குறித்து, அடுத்த மாதத்துக்கு எவ்வளவு என்று எழுதிக்கொடுக்கச் செய்யலாம் என்பது என் கோரிக்கை. எல்லைக்கு அப்பால் சிகிச்சை பெற்று இப்பால் வந்து வாழ்பவர்கள்தான் இரண்டு மாநிலக் கணக்கிலும் விடுபட்டுப் போகிறார்கள். குழித்துறையில் காலை வண்டிக்கு எக்ஸ்ரே உறையோடு காத்திருப்பவர்களைப் பார்த்தால் அவர்கள் எத்தனை பேர் என்பது புரியும்.

அதுவரை நாங்களே செய்துகொண்டோம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே முப்பது மீட்டருக்குக் கயிறு கட்டினேன். முதல் நாள் ஆறு நிமிடத்தில் 270 மீட்டர். நடுவில் இரண்டு முறை நின்றார். மதினி திண்ணையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் மாதம் 420. இப்போது நோட்டில் எண்ணை எழுதுவது மதினிதான். நான் ஒரு சுற்றைக் கூட்டிச் சொன்னால் விடமாட்டார்.