நைல் தண்ணீர் கடலில் வீணாகவில்லை

"ஆறு கடலில் கலந்தால் வீண், எகிப்து அஸ்வான் அணையால் நைலைத் தடுத்தது, ஒரு நஷ்டமும் இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாசனமும் மின்சாரமும் கிடைத்தது சரி, நஷ்டமே இல்லை என்பதுதான் தவறு. 1964-க்குப் பிறகு வெள்ளம் சுமந்துவந்த வண்டலும் சத்தும் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட, 1962-ல் சுமார் 18,000 டன்னாக இருந்த மத்தி மீன்பாடு சில ஆண்டுகளில் ஆயிரம் டன்னுக்கும் கீழே போனது, நைல் கடலில் சேரும் ரொசெட்டா முகத்துவாரத்தில் முன்பே தொடங்கியிருந்த கடலரிப்பும் வேகமெடுத்தது. 1980-களில் மீன் திரும்ப வந்தது, ஆனால் அதற்குக் கடலில் வந்து கலந்த வயல் உரமும் நகரக் கழிவுநீரும்தான் பெருங்காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள் (இதைச் சாதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை). கரை பின்வாங்கியதை கூகுள் எர்த்தில் 1984 முதலான படங்களை ஓட்டி நீங்களே பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.