கடலே இல்லாத ஊர்க்காரர் விற்கும் சிப்பி

இஸ்தான்புல் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பழைய நகரின் சுற்றுலாப் பகுதியான சுல்தானஹ்மெத்தில் பார்க்க வேண்டியதை ஆசைதீரப் பாருங்கள், சாப்பிட மட்டும் அங்கே உட்காராதீர்கள். அங்கிருக்கிற ஆயா சோஃபியா பள்ளிவாசலைப் பார்த்து அண்ணாந்து நின்ற நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், ஆனால் அன்று இரவு அந்தச் சதுக்கத்தை ஒட்டிய ஒரு கடையில் கேட்காமலே மேஜைக்கு வந்த ரொட்டிக்கும் தொட்டுக்கைக்கும் தனித்தனியாகக் காசு போட்டார்கள், கறியும் ஆறிப்போய்த்தான் வந்தது. மனசே விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை எமினோனு படகுத்துறைக்குப் போய் காதிகோய் படகில் ஏறிவிட்டேன். இருபது நிமிஷத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா. இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில் கடுஞ்சாயா, கையில் எள் ஒட்டிய சிமித் என்கிற ரொட்டி வளையம், பக்கத்தில் வேலைக்குப் போகிறவர்கள். நான் போனது ஜனவரி, குளிர் எலும்பைத் தொட்டது, ஆனாலும் வெளியே பலகையில்தான் உட்கார்ந்தேன்.

காதிகோய் சந்தையில் மீன்கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். நம் ஊரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போம் இல்லையா? அங்கே கடைக்காரரே செவுளை வெளியே இழுத்துத் திருப்பி வைத்திருக்கிறார், செம்பருத்திப் பூ மாதிரி ஒவ்வொரு மீனின் கழுத்திலும் ஒரு சிவப்பு. குளிர்காலம் என்பதால் கருங்கடலிலிருந்து வருகிற ஹம்சி குவிந்து கிடந்தது, நம் நெத்திலிக்குச் சொந்தம்தான். சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தருகிறார்கள், முள்ளோடு போய்விடும்.

அப்புறம் மித்யே தொல்மா. சிப்பிக்குள் மிளகும் உலர்திராட்சையும் சேர்த்த சோறு அடைத்திருக்கும். தட்டுக்காரர் ஒன்றைத் திறந்து, மேல்ஓட்டையே கரண்டியாக்கிக் கொடுத்து, எலுமிச்சையைப் பிழிந்துவிடுவார், நீங்கள் போதும் என்கிறவரைக்கும் அடுத்தது வந்துகொண்டே இருக்கும், கடைசியில் ஓடுகளை எண்ணிக் காசு. இந்த வியாபாரத்தில் இருப்பவர்கள் பலரும் மார்தின்காரர்கள். மார்தின் சிரியா எல்லைப் பக்கம் இருக்கிற ஊர், கடல் வாசனையே கிடையாது. பிழைக்க வந்த நகரத்தில், முன்பின் தெரியாத கடலின் சிப்பியைக் கையில் எடுத்து, அதையே குடும்பத் தொழிலாக்கியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, 'அசல் துருக்கிச் சாப்பாடு எங்கே கிடைக்கும்' என்று தேடுவதையே விட்டுவிட்டேன். யார் எந்த ஊரிலிருந்து வந்து எந்தத் தெருவில் குடியேறினார்கள் என்று தேடினால் இஸ்தான்புல்லில் வயிறும் நிறையும், ஊரும் புரியும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படித்தான் ஃபாத்திஹ் பகுதியில் காதின்லார் பஸாரிக்குப் போனேன். பெண்கள் சந்தை என்று அர்த்தம். 4ஆம் நூற்றாண்டில் கட்டிய வேலன்ஸ் தொட்டிப்பாலத்தின் வளைவுகளை ஒட்டி இருக்கிறது, துருக்கியின் தென்கிழக்கே சீர்த் பக்கத்திலிருந்து வந்தவர்களின் கடைகள். தேனடை, மூலிகை கலந்த பாலாடைக்கட்டி, மாலை மாலையாகக் கோத்துத் தொங்கும் காய்ந்த கத்தரிக்காய். பூர்யானுக்காகவே அங்கே போகலாம். தரையில் கிணறு மாதிரி ஆழமாக அடுப்பு, அதற்குள் ஆட்டைத் தொங்கவிட்டு வாயை மூடிவிடுகிறார்கள், தன் கொழுப்பிலேயே அது வேகும். மசாலா என்று எதுவும் இல்லை, உப்புதான். சூடான ரொட்டியின்மேல் கறியை வெட்டிப் போடும்போது உருகிய கொழுப்பு ரொட்டிக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், தாமதமாகப் போனால் எலும்புதான் மிஞ்சும்.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் வெஃபா. அல்பேனியக் குடும்பம் ஒன்று 1876இல் தொடங்கிய போஸா கடை இன்னும் இருக்கிறது. சிறுதானியத்தைப் புளிக்கவைத்த கெட்டியான பானம், மேலே பட்டைத்தூள். எதிர்க்கடையில் வறுத்த கொண்டைக்கடலை வாங்கி மேலே தூவிக்கொள்ள வேண்டும். முதல் கரண்டியில் எனக்குக் கம்பங்கூழ் ஞாபகம்தான் வந்தது, இனிப்பு போட்ட கூழ்.

'பார்க்க வேண்டிய இருபது இடங்கள்' மாதிரிப் பட்டியல்களை எனக்கு அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், இருபதில் பதினைந்தை நான் பார்க்கவில்லை. அதற்குப் பதில் அந்தப் பெண்கள் சந்தைக்கே மூன்று முறை போனேன். மூன்றாம் தடவை கறி வெட்டுகிறவர் என்னைப் பார்த்ததும் சிரித்து, விலாவோரம் மொறுமொறுப்பான ஒரு துண்டைத் தேடி எடுத்துத் தட்டில் கூடுதலாக வைத்தார். சமைத்தவரிடம் சொல்ல அவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது, 'எலினிஸே சாலிக்', உங்கள் கைக்கு ஆரோக்கியம். கைப்பக்குவம், கைமணம் என்று பேசி வளர்ந்த நமக்கு அது உடனே புரிந்துவிடும். கிளம்பும்போது தட்டுத் தடுமாறி அதைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.